பூனையின் மணற்பெட்டியை ஏன் பார்க்க வேண்டும்?

(நூற்றாண்டு ஆண்டின் உறுப்பினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு உரைத் தொடரில் நீரிழிவு பற்றிக் கேட்டோம், கண்புரை பற்றிக் கேட்டோம், உயில் எழுதுவது பற்றியும் கேட்டோம். இன்று பூனையின் மலசலம் பற்றிப் பேசப்போகிறோம் என்று செயலாளர் அறிவித்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பு எங்களுக்கும் கேட்டது. சிரியுங்கள், பரவாயில்லை. தேநீருக்கு முன்பு இந்தத் தலைப்பை வைத்தவர்கள் மீது எங்களுக்கும் கொஞ்சம் கோபம்தான்.

ஆனால் காரணம் இருக்கிறது. எங்கள் சங்கத்து மூத்த அக்காமாரில் பலர் இன்று தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், மெல்பேர்னில். அம்பிட்டியவிலோ கட்டுகஸ்தோட்டையிலோ பெரிய வீடு, அதற்குள் ஓர் ஆள், ஒரு பூனை. பகல் முழுவதும் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது பூனையோடு பேசுவதுதான். அந்தப் பூனை திடீரென்று போய்விட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். பூனை வளர்க்கும் சில உறுப்பினர்கள் சேர்ந்து, மிருக வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம். நாங்கள் மிருக வைத்தியர்கள் அல்லர். எப்போது அவர்களிடம் ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் அம்மாமார் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பூனை பின்வளவுக்குப் போகும், குழி தோண்டும், மூடும், வரும். அது என்ன போனது, எத்தனை தரம் போனது என்று யாருக்கும் தெரியாது. இப்போது வளவு சுருங்கிவிட்டது. பலர் மாடிவீட்டில் இருக்கிறோம். வெளியே விட்டால் வாகனம், தெருநாய், உடவத்தக்கலைப் பக்கம் என்றால் குரங்குக் கூட்டம். ஆகவே பூனை உள்ளே, அதற்கொரு பெட்டி. கடையில் விற்கும் மணலுக்கும் ஒரு கதை உண்டு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்ற இளைஞரிடம் அயலவர் ஒருவர் பூனைப் பெட்டிக்கு மணல் கேட்டு வந்தாராம். அதுவரை அடுப்புச் சாம்பல் போட்டு, வீடெல்லாம் பூனையின் கரிப்பாதம் பதிந்து அலுத்துப்போனவர். எட் லோ தன் தந்தையின் வியாபாரத்தில் எண்ணெய்க் கசிவை உறிஞ்ச விற்ற களிமண் துகளைக் கொடுத்தார். அதிலிருந்துதான் இந்தப் பெரிய வியாபாரம் பிறந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதை வாங்குவதில்லை. பழைய பேசினில் ஆற்று மணல் போடுபவர்கள் உண்டு. மர ஆலையிலிருந்து மரத்தூள், தென்னந்தும்புத் தூள், கிழித்த பத்திரிகைத் தாள் என்று பல வகை. எதுவானாலும் பூனை ஏற்றுக்கொண்டால் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வைத்த மணல் காயாது. ஈர மணலில் பூனை கால் வைக்காது. அதை மட்டும் கவனியுங்கள். ஈரம் பட்டதும் உருண்டையாகக் கட்டிப்படும் கடை மணலுக்கு ஒரு வசதி உண்டு. உருண்டைகளை எண்ணலாம், அளவைப் பார்க்கலாம். மரத்தூளிலும் மணலிலும் அது கடினம். தாளில் நிறம் நன்றாகத் தெரியும். சந்தேகம் வரும் நாட்களில் பெட்டியில் வெறும் வெள்ளைத் தாளைப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத வழி.

சரி, ஏன் பெட்டியைப் பார்க்க வேண்டும்? பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. காட்டில் அது வேட்டையாடும். அதைவிடப் பெரியவை அதை வேட்டையாடும். பலவீனத்தை வெளியே காட்டினால் உயிர் போகும் என்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது. எங்களைப் போல முனகாது, தலையில் கைவைத்து உட்காராது. கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், அவ்வளவுதான். ஆனால் மறைக்க முடியாத ஓர் இடம் பெட்டி. அது மண் போட்டு மூடிவிட்டுப் போனாலும் கரண்டியோடு வருபவர் நாங்கள்.

இது புதிய எண்ணமும் அல்ல. எங்கள் சித்த வைத்தியத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று இரண்டு பரிசோதனைகள் தேரையர் பெயரால் வழங்கி வருகின்றன. நோயாளியின் சிறுநீரின் நிறம், மணம், நுரை, கனம் ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் எண்ணெய்த் துளி விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. பூனைக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. பார்ப்பது வைத்தியத்தின் முதற்படி என்று எங்கள் பாட்டன்மாருக்கே தெரிந்திருந்தது என்பதற்காகச் சொன்னோம்.

முதலில் வழமை எது என்று தெரிய வேண்டும். வளர்ந்த பூனை நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை சலம் போகும். மலம் நாளுக்கு ஒரு தடவை அளவில், மண்ணிறமாக, உருவத்தோடு இருக்கும். பூனைக்குப் பூனை சிறிது மாறும். ஆகவே புத்தகத்துப் பூனையை விட்டுவிட்டு, உங்கள் பூனையைத் தெரிந்துகொள்ளுங்கள். சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு வாரத்துக்குக் கோடு போட்டு வையுங்கள். சலத்துக்கு நேர்கோடு, மலத்துக்குப் பெருக்கல் குறி. பால்காரர் கணக்குக்கும் எரிவாயு மாற்றிய திகதிக்கும் இடமிருக்கும் நாட்காட்டியில் இதற்கும் இடமிருக்கும். அந்த ஒரு வாரம்தான் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல்.

இனி எல்லாவற்றிலும் அவசரமானதைச் சொல்கிறோம். தேநீருக்கு முன் எழுந்து போக வேண்டியவர்கள் இதை மட்டுமாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்களில் ஒருவர் வீட்டில் நான்கு வயதுக் கடுவன் ஒன்று. ஒரு சனிக்கிழமை மாலை அது பெட்டிக்குள் போய்க் குந்தியது. வெளியே வந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி போனது. இப்படி ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் முக்கியது, ஒரு வித்தியாசமான குரலில் கத்தியது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது. அயல்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "மலச்சிக்கல், கொஞ்சம் எண்ணெய் பருக்குங்கோ, விடிய எல்லாம் சரியாகும்" என்றார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். பூனையின் சொந்தக்காரி பெட்டியைப் பார்த்தார். மணல் முழுக்கக் கிளறியிருந்தது, ஆனால் காலையில் சுத்தம் செய்த பின் ஓர் ஈர உருண்டைகூட இல்லை. கிளறல் அத்தனை, ஈரம் எதுவுமில்லை. அன்றிரவே கூடையில் வைத்து ஓட்டோவில் கொண்டுபோனார். வைத்தியர் வயிற்றைத் தொட்டார். சலப்பை சிறு தோடம்பழம் போல இறுகி இருந்தது. மயக்கி, குழாய் போட்டு எடுத்தார்கள். பூனை பிழைத்தது. காலைவரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டபோது வைத்தியர் வாயால் பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

என்ன நடக்கிறது என்றால், ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது. சலப்பையில் உண்டாகும் மணல் போன்ற படிகங்கள், சளிக் கட்டி, சிறு கல், அல்லது அழற்சியால் வந்த வீக்கம் அதை அடைத்துவிடும். சிறுநீர் வெளியேறாவிட்டால் கழிவு இரத்தத்தில் சேரும். குறிப்பாகப் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு குழம்பும், பிறகு நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். வாந்தி, சோர்வு, உடல் குளிர்தல் வந்துவிட்டால் நேரம் மிகவும் கடந்துவிட்டது என்று பொருள். பெட்டைப் பூனைக்குக் குழாய் அகலம் என்பதால் இப்படி அடைப்பது அரிது. ஆனால் அடிக்கடி குந்தினால் அதற்கும் நோய்தான்.

ஆகவே கடுவன் பெட்டிக்கும் வெளிக்குமாக அலைகிறது, ஈரம் இல்லை அல்லது துளி துளியாக மட்டும் இருக்கிறது என்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள்; சலப்பை வெடிக்கலாம். எண்ணெய் பருக்காதீர்கள். இன்னொன்று, இதைக் கும்பிட்டுக் கேட்கிறோம்: பனடோல் கொடுக்காதீர்கள். எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்கும் பனடோல், பல்வலிக்கும் பனடோல், மனக்கவலைக்கும் பனடோல். பூனையின் ஈரலால் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்ற முடியாது. அது இரத்தச் செங்கலங்களைக் கெடுத்து, ஒட்சிசன் கொண்டுபோக முடியாமல் ஆக்கிவிடும். ஈறு மண்ணிறமாகும், முகம் வீங்கும், சலம் கரும்பழுப்பாகும். ஒரேயொரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

இரவிலும் விடுமுறையிலும் எங்கே பார்ப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். கண்டிக்காரருக்கு ஒரு பாக்கியம் உண்டு. முழு இலங்கைக்கும் மிருக வைத்தியரைப் பயிற்றும் ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேதான். மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் பக்கத்தில் கன்னொறுவையில். மற்ற மாவட்டத்தார் மணிக்கணக்காகப் பயணம் செய்து வரும் இடத்துக்கு எங்களுக்கு ஒரு பஸ். எங்களில் சிலர் பூந்தோட்டத்துக்கு நூறு தடவை போயிருப்போம், அதைத் தாண்டி இந்த வைத்தியசாலை இருப்பது தெரியாது.

அடைப்பு இல்லாமலும் இதே அறிகுறிகள் வரும். துளித்துளியாகப் போதல், இரத்தம் கலந்த இளஞ்சிவப்புச் சலம், குளியலறை ஓட்டிலோ துவைக்கப் போட்ட சேலையிலோ போய்விடுதல். பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் இப்படி வருவனவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. காரணம் தெரியாத சலப்பை அழற்சி என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். மன அழுத்தம் அதைத் தூண்டுகிறது என்பது மட்டும் தெரியும்.

கண்டியில் பூனைக்கு மன அழுத்தம் எப்போது என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். ஆகஸ்ட் மாதம்! பெரஹரா மேளம், நகரம் நிறைந்த கூட்டம். அதே மாதம் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வருகிறார்கள். பூனை படுக்கும் அறை விருந்தினர் அறையாகிறது. பெட்டி "மணக்குது" என்று படிக்குக் கீழே தள்ளப்படுகிறது. பேரன் வாலைப் பிடித்து இழுக்கிறான். மூன்றாம் நாள் பூனை மருமகனின் பயணப் பையில் சலம் போகிறது. எல்லோரும் "பழிவாங்குது" என்கிறார்கள். பழிவாங்கத் தெரியாத பிராணி அது. பெட்டியில் போனபோது வலித்தது, அதனால் பெட்டி வலிக்கும் இடம் என்று நினைத்து மெத்தென்ற வேறு இடம் தேடுகிறது. அல்லது பெட்டிக்குப் போகும் வழியில் ஆளும் சத்தமும். அடித்தால் அழுத்தம் கூடும், நோயும் கூடும்.

விருந்தினர் வரும்போது பெட்டியை மாற்றாதீர்கள், மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே இரண்டாவது பெட்டி ஒன்றை அமைதியான மூலையில் வையுங்கள். பூனை எத்தனையோ அதைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருப்பது நல்லது என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பெட்டி வைப்பவர்களும் இருக்கிறீர்கள். நீங்கள் மலசலகூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?

அடுத்தது எதிர்ப்பக்கம்: சலம் கூடுதல். இதில் சத்தம் இல்லை, கத்தல் இல்லை, அதனால்தான் தவறிப் போகிறது. பெட்டியில் உருண்டை பெரிதாகிறது அல்லது எண்ணிக்கை கூடுகிறது. முன்பு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றிய மரத்தூள் இப்போது ஒரே நாளில் ஊறிவிடுகிறது. தண்ணீர்க் கோப்பை வேகமாக வற்றுகிறது. பூனை குழாயடியில் போய் நிற்கிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதனால் குறைந்த தண்ணீரைக் குடித்து, சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றும் திறன் அதன் சிறுநீரகத்துக்கு இருக்கிறது. வயதான பூனைக்குச் சிறுநீரக நோய் மிகவும் சாதாரணம். சிறுநீரகத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போனதும் செறிவாக்கும் ஆற்றல் குறைகிறது, சலம் நீர்த்துப்போய் அளவு கூடுகிறது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் ஏறித் தெரிய ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போக வேண்டும். என்ன பொருள்? பெட்டி இரத்தத்துக்கு முன்பே சொல்கிறது. வடமத்திய மாகாணத்தில் எங்கள் மக்களைப் பிடித்திருக்கும் சிறுநீரக நோயைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோமே, அதுவும் இப்படிச் சத்தமில்லாமல்தான் வருகிறது. சிறுநீரகத்துக்கு முறையிடத் தெரியாது.

பூனையின் சிறுநீரக நோயை மாற்ற முடியாது. ஆனால் நேரத்தோடு கண்டால் உணவை மாற்றி, தண்ணீர் அதிகம் உட்செல்லச் செய்து, இரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் நல்லபடி வைத்திருக்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெட்டைக்கு இப்படித்தான் பதினான்காவது வயதில் கண்டுபிடித்தார்கள். அது பதினெட்டு வரை இருந்தது. கடைசி ஆண்டிலும் மீன்காரரின் மணிச்சத்தத்துக்கு வாசலுக்குப் போனது.

சலம் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பூனைக்கும் நீரிழிவு வரும், விசேடமாகக் கொழுத்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் கடுவனுக்கு. நல்லாகச் சாப்பிடும், ஆனால் மெலியும். ஆரம்பத்திலேயே இன்சுலினும் உணவு மாற்றமும் கிடைத்தால் சில பூனைகளுக்குப் பிறகு இன்சுலின் தேவையே இல்லாமல் போவதுண்டு. எங்களில் எத்தனை பேருக்கு அந்த அதிர்ஷ்டம்! சலத்தில் எறும்பு மொய்த்தால் நீரிழிவு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் கண்டியில் எறும்பு எதில் மொய்க்காது? எறும்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். வயதான பூனை அடங்காப் பசியோடு மெலிந்து, ஓயாமல் நடமாடி, சலமும் கூடினால் தைரொயிட் சுரப்பியையும் பார்க்க வேண்டும்.

குடிப்பதை அளக்க ஒரு வழி. காலையில் அளந்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி மறுநாள் மீதியை அளவுங்கள். நான்கு கிலோ பூனை ஒரு நாளில் 200 மில்லிலீற்றர் அளவு குடித்தால் அது அளவுக்கு மீறியது. பாதியளவே குடித்தாலும் முன்பைவிடக் கூடியிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சலத்தின் மாதிரி கேட்டால், பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மீன்தொட்டிக்குப் போடும் கூழாங்கல் கொஞ்சம் கழுவிப் போடுங்கள். கல் உறிஞ்சாது. பூனை போனதும் ஊசியில்லாச் சிரிஞ்சில் உறிஞ்சி, சுத்தமான போத்தலில் அடைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். தாமதமானால் குளிரில் வையுங்கள். தயவுசெய்து போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் மற்றவர்களும் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார்கள்.

மலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், தேநீர் தயாராகிறது.

ஆட்டுப்பிழுக்கை போலச் சிறிய, உலர்ந்த கட்டிகள் என்றால் உடலில் நீர் போதவில்லை. வயதான பூனைக்கு அது சிறுநீரக நோயின் துணையாகவும் வரும். மூட்டுவலி உள்ள பூனை உயர்ந்த விளிம்பைத் தாண்ட முடியாமல் அடக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிக் கொடுங்கள்; எங்களுக்கும் படியேற முழங்கால் வலிக்கிறதுதானே. சுற்றிவரச் சோற்றுப் பருக்கை போல, சில வேளை அசைந்துகொண்டும், ஒட்டிக்கொண்டிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். அது தெள்ளிலிருந்து வருகிறது, ஆகவே புழுமருந்து மட்டும் போதாது, தெள்ளையும் ஒழிக்க வேண்டும். தெள்ளு மருந்து வாங்கும்போது நாய்க்கானதைப் பூனைக்குப் பூசாதீர்கள். நாய் மருந்து சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

தார் போலக் கறுத்த மலம் என்றால் இரைப்பையிலோ மேல்குடலிலோ இரத்தக் கசிவு. சிவந்த இரத்தம் கீழ்க்குடலிலிருந்து. வெளிறிய களிமண் நிறம் என்றால் பித்தம் இறங்கவில்லை. அதோடு சலம் ஆழ்ந்த மஞ்சளாக இருந்தால் செங்கண்மாரி. குட்டிப் பூனைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் வைரசுக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே கொண்டுபோக வேண்டும். பெட்டி இரண்டு நாளாக வெறுமையாக இருக்கிறது, பூனை சாப்பிடவும் இல்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் அதன் ஈரலில் கொழுப்பு நிறைந்துவிடும், அதுவே உயிருக்கு ஆபத்து.

சாதாரண வயிற்றோட்டத்துக்குக் காரணம் பல வீடுகளில் நாங்களே. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செமிக்காது. "என்ர பூனை பால்தேத்தண்ணிதான் குடிக்கும்" என்று பெருமை பேசுகிற அக்காமார் இங்கே மூன்று பேராவது இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டோம். குழம்பு பிசைந்த சோறும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்கலங்களை உடைக்கும். சலம் தேயிலைச் சாயம் போல வரும். இன்னொரு பொருள் பூச்சாடியில் இருக்கிறது. லில்லிப் பூ. இலை, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை நாசமாக்கும். முதலில் வாந்தி, பிறகு சலம் கூடி, பின் ஒரேயடியாக நின்றுபோகும். பூனை உள்ள வீட்டுக்குப் பிறந்தநாள் பூங்கொத்து கொண்டுபோகும்போது லில்லியை விட்டு ரோசாவாக வாங்குங்கள்.

கடைசியாக, இங்கே இருக்கும் இளம் தங்கைமாருக்கு. நீங்கள் கருவுற்ற செய்தி சொன்ன மறுநாள் வீட்டில் பெரியவர்கள் "பூனையைக் கொண்டுபோய் விடு" என்பார்கள். அவர்கள் பயப்படுவதில் ஒரு விஷயம் உண்டு. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிவரும். கர்ப்ப காலத்தில் முதன்முதலாக அது தொற்றினால் சிசுவுக்குத் தீங்கு வரலாம். ஆனால் முழு விஷயத்தையும் கேளுங்கள். பூனை அதைப் பெரும்பாலும் தன் வாழ்நாளில் முதல் தொற்றின்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் வெளியேற்றும். வெளிவந்த முட்டை தொற்றக்கூடிய நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே பெட்டியை ஒவ்வொரு நாளும் வேறொருவர் சுத்தம் செய்தால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். அந்த வேறொருவர் பெரும்பாலும் கணவர். ஒன்பது மாதம் அவர் கரண்டி பிடிக்கட்டும். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். நன்றாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்ட மண்ணும் அதே ஒட்டுண்ணிக்கு வழிதான், அவற்றை மறந்து பூனையை மட்டும் துரத்துவதில் பயனில்லை. முன்பே தொற்றியிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும். உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் மூத்தவர்களுக்கும் இதே கவனம் தேவை.

பெட்டிக் கழிவைக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள். எங்கள் ஈரமான மண்ணில் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கானுக்குள்ளும் தள்ளாதீர்கள். நகரத்துக் கான்கள் மெத எலவில் சேர்ந்து மகாவலிக்குத்தான் போகின்றன. பையில் கட்டிக் குப்பையோடு போடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து இந்த மலரைப் படிக்கும் தங்கைமாருக்கு ஒரு வேலை. அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்று கேட்பதோடு, "பூனை இன்றைக்கு எத்தனை தரம் போனது" என்றும் கேளுங்கள். அம்மாவுக்குக் குனிந்து பார்க்க முடியாமல் இருக்கலாம், கண் தெளிவில்லாமல் இருக்கலாம். பெட்டியை ஒரு முக்காலியின் உயரத்துக்கு ஏற்றி, பூனைக்கு ஒரு படி வைத்துக் கொடுத்தால் பலருக்கு அது தீர்ந்துவிடும். மூட்டுவலி உள்ள கிழப்பூனைக்கு மட்டும் இது ஆகாது, அதற்குத் தாழ்ந்த பெட்டிதான். வீடியோவில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. படம் எடுத்து வைத்தால் வைத்தியரிடம் காட்டவும் உதவும். "கொஞ்சம் சிவப்பு மாதிரி" என்று சொல்வதைவிடப் படம் தெளிவு.

பூனையைக் கொண்டுபோவது எப்படி என்று முன்வரிசையில் ஓர் அக்கா கேட்கிறார். மூடியுள்ள பிரம்புக் கூடை நல்லது. இல்லாவிட்டால் பழைய தலையணை உறையில் இட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி, அதை ஒரு பையில் வைத்து மடியில் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டில் பூனை அமைதியாகும். அது படுத்த துணியைக் கூடவே வையுங்கள். ஓட்டோவில் ஏறுமுன்பே சாரதியிடம் சொல்லிவிடுங்கள், நடுவழியில் கத்தினால் அவர்தான் முதலில் பயப்படுவார். நாட்காட்டித் தாளையும் மறக்காமல் கிழித்துக் கொண்டுபோங்கள்.

இனித் தேநீர். அதன்பின் கேள்விகளுக்கு எங்களில் நால்வர் யன்னலோர மேசையில் இருப்போம்.